பனி தள்ளும் பொறி

விருத்தாசலத்தில் பிறந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். அத்தகையவன் சிம்லா நிலையத்தில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்காவிலிருந்து 96 கிலோமீட்டர் மலையேறி வரும் சிறு இருப்புப்பாதை 1903-இல் திறக்கப்பட்டது. அதன் பெருமையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது என் வீட்டுக்காரரின் பொறி ஒன்றைப் பற்றியும், அதில் நான் செய்த பிழையைப் பற்றியும்தான்.

வீட்டுக்காரருக்கு எழுபத்து நான்கு வயது. நாங்கள் 'பாபுஜி' என்போம். அவர் என்னைப் 'பேட்டா' என்றே அழைப்பார். வாயிலிலிருந்து சாலைவரை நாற்பது கஜ தூரத்துக்குச் சமமான நடைபாதை உண்டு. அதில் விழும் பனியை வாரி அப்பால் எறிவதற்கு ஓர் இயந்திரம் வைத்திருந்தார். கானடாவில் வேலை பார்த்த அவருடைய மூத்த மகன் பல ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்தது அது. அமெரிக்க டெகம்சே என்ஜின், ஐந்து குதிரைத்திறன். அந்த மகன் இப்போது இல்லை. அதனால் அப்பொறியைப் பாபுஜி பழுதுபார்ப்போர் கையில் கொடுப்பதே இல்லை.

சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, "பேட்டா, தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடு, பிறகு என்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடு" என்று இருமுறை சொன்னார். நானும் இருமுறை தலையசைத்தேன். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு. பெட்ரோல் தொட்டியிலேயே கிடந்தது.

டிசம்பரில் கயிற்றை இழுத்தபோதுதான் நினைவு வந்தது. 'சோக்'கை அடைத்தால் என்ஜின் உறுமும். திறந்ததும் ஏறி இறங்கித் திணறி நின்றுவிடும். சோக்கை அடைப்பது காற்றைக் குறைப்பதாகும். காற்றைக் குறைத்தால்தான் ஓடும் என்றால், பெட்ரோல் வரும் வழி சுருங்கிவிட்டது என்று பொருள். இதைக் கண்டுகொள்ள மெட்ரிகுலேஷன் படிப்பே போதும்.

அன்று மாலையே பாபுஜியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் பொறுக்க முடியாததாய் இருந்தது. பொறியையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் மண்வெட்டி இருக்கிறது" என்றார். நெஞ்சுவலிக்கு மாத்திரை உண்பவர் அவர். வழக்கமாக மாலையில் மாடிக்கு வரும் தேநீர் அன்று வரவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றினேன். அடியிலுள்ள கிண்ணத்தில் பழைய பெட்ரோல் தேன்பாகுபோல் உறைந்து, வார்னிஷ் வாடை வீசிற்று. ஓரங்களில் வெண்ணிறப் பூப்பு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள்; அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் விட்டுவைத்தால் உலோகத்தையே அரிக்கும். மிதவையின் ஊசி, அது வந்தமரும் சிறு ரப்பர் வளையம், கிண்ணத்தின் வளையம் ஆகிய மூன்றும் அடங்கிய பொட்டலத்துக்கு வெளிநாட்டிற்கு எழுதிப்போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். இடையில் ஒரு நாள் பனி பெய்தது. விடியுமுன் எழுந்து நானே மண்வெட்டியால் வாரிவிட்டேன். பாபுஜி சன்னலில் நின்று பார்த்தார்.

பொட்டலம் வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, புதியன பொருத்தி, பூட்டினேன். கயிற்றை இழுத்தேன். பழையபடியே ஏற்றம், இறக்கம், திணறல்! என் மனைவி உள்ளிருந்தபடியே, "பேசாமல் உண்மையான மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாம் முறை கழற்றியபோதுதான் கிண்ணத்தைப் பிடிக்கும் அடித்திருகாணியை விளக்கருகே வைத்துப் பார்த்தேன். அதை வெறும் திருகாணி என்று எண்ணியிருந்தேன். உண்மையில் பெட்ரோல் செல்லும் வழியே அதனுள்தான் இருக்கிறது. பக்கத்திலுள்ள பெரிய துளையை முன்னமே சுத்தம் செய்துவிட்டேன். அதற்குச் சற்று மேலே, திருகுமரைக்கு அருகில், மயிரிழைபோல் இன்னொரு துளை. அது முழுதும் அடைபட்டிருந்தது, இருப்பதே தெரியவில்லை. மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செப்பிழையை உருவி மெல்லச் செலுத்தினேன். எஃகு ஊசியால் குத்தக் கூடாது. பித்தளைத் துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் அளவு கெட்டுப்போகும். கால் மணி நேரத்துக்குப் பின் இழை மறுபுறம் எட்டிப்பார்த்தது.

இம்முறை சோக்கைத் திறந்தேன். என்ஜின் சீராக ஓடிற்று. ஓசை கேட்டுப் பாபுஜி சால்வையும் செருப்புமாக வெளியே வந்தார். ஒன்றும் பேசாமல் கைப்பிடியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, பனியே இல்லாத பாதையில் சாலைவரை ஒருமுறை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். அன்று மாலை தேநீர் வந்தது. கூடவே ஒரு தட்டில் பக்கோடாவும்.

சனவரியில் இரண்டு முறை பனி பெய்தது. இரு முறையும் பொறி ஏமாற்றவில்லை. பிறகு மார்ச்சு பிறந்ததும் தொட்டியை வடித்தேன். என்ஜினை நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தையும் கழற்றிக் கவிழ்த்தேன். பாபுஜி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகிலேயே அமர்ந்து, கடைசிச் சொட்டு விழும்வரை எழுந்திருக்கவில்லை.