நெடுங்குன்றத்துப் பாறைகள்

பெருங்களத்தூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நோக்குவார் கண்ணில் முதலிற் படுவன அடுக்குமாடி வீடுகளே. அவற்றினிடையே தலைநீட்டும் குன்றுகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நெடுங்குன்றம் என்னும் ஊர்ப்பெயர் மட்டும் அவற்றை மறவாது சுமந்து நிற்கிறது.

விடுமுறைக் காலைகளில் அப்பக்கத்துப் பாறைச் சரிவுகளில் ஏறி இறங்குவது என் வழக்கம். வேலிக்கு அப்பாலுள்ள காப்புக்காட்டில் நுழைவதில்லை. பாறையேற்றம் வல்லமையைக் காட்டும் விளையாட்டு என்று எண்ணுவோர் உளர். அது பெரிதும் பொறுமையைச் சார்ந்தது. இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பாறையைப் பற்றியிருத்தல் வேண்டும். ஒன்று மட்டுமே இடம் பெயரலாம். ஏறுவதினும் இறங்குவதே அரிது. ஏறுங்கால் கண் வழிகாட்டும். இறங்குங்கால் கண் காணாத இடத்தைக் கால் தடவித் தேட வேண்டும். மழை பெய்து பாசி படர்ந்த நாளில் அடிவாரத்திலேயே நின்றுவிடுதல் அறிவுடைமை.

கைக்கு இவ்வளவு அருகில் வரும் அக்கல்லின் வரலாறு வியப்புக்குரியது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் கருநீலக் கல்லுக்குச் 'சார்னோக்கைட்டு' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைமேல் கிடந்த கல்லும் இவ்வினத்ததே என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார், 1893-இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். நம் ஊர்க் கல்லுக்குக் கல்லறை வழியாகப் பெயர் வந்தது வேடிக்கைதான்! இதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலையில் ஜோஷுவா மரத் தேசியப் பூங்கா என ஒன்றுண்டு. உலகின் பல திசைகளிலிருந்தும் பாறையேறுவோர் அங்கே செல்கின்றனர். அங்குள்ள உருண்டைப் பாறைகள், பூமிக்கடியில் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து இறுகியவை. இறுகியபோது வெடித்த பிளவுகளில் நிலத்தடி நீர் புகுந்து மூலைகளை அரித்தது. பின்னர் மேல்மண் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட, உருண்டைகள் வெளிப்பட்டன. பாலையின் அழகை நீர் செதுக்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்நிலம் 1936-இல் தேசிய நினைவிடமாகவும், 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றது.

அக்கற்களினும் மிக மூத்த நம் கற்களோ, சல்லியாகிச் சாலைகளிலும் சுவர்களிலும் மறைந்துவிட்டன. வீடு கட்டக் கல் வேண்டாவோ எனின், வேண்டும். நானும் அக்கல்லால் எழுந்த வீட்டில்தான் வாழ்கிறேன். ஆயினும், மலையை வெட்டுவார்க்கு எங்கே நிறுத்துவது என்னும் வரையறை வேண்டும். பல்லாவரம், திரிசூலம் பக்கங்களில் குன்றுகளை வெட்டிய இடங்களில் ஆழ்ந்த பள்ளங்கள் நீர் நிறைந்து கிடக்கின்றன. அமைதியான அந்நீரில் நீந்தச் சென்று மீளாத இளைஞர் பலர்.

இதே பல்லாவரத்தில்தான், 1863 மே 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்பார் சரளைக் குழியொன்றில் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். குழியின் ஓரத்தில் கிடந்த அக்கல்லை அவர் குனிந்து எடுத்திராவிடில், அதுவும் சரளையோடு சரளையாய்ச் சாலைக்குச் சென்றிருக்கும்.