தன்மைக்கு முகமில்லை

கோப்ரோ போன்ற சிறு கேமராவை நெற்றியில் அணிந்து எடுக்கப்படும் பாலுறவுக் காணொளிகளை மூவிட இலக்கணத்தைக் கொண்டு விளக்கலாம். அணிந்தவர் தன்மை; அவருக்கு முகமில்லை, கையும் குரலுமே உண்டு. முகம் முழுதும் முன்னிலையில் இருப்பவருடையது. காணொளி பரவும்போது, காணும் ஒவ்வொருவரும் அத்தன்மையின் இடத்தில் அமர்ந்துகொள்கிறார். அடையாளம் காணப்படுபவரோ முன்னிலையில் இருப்பவர் மட்டுமே.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட 354சி பிரிவு இதை உணர்ந்திருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அந்தரங்கச் செயலைப் படமெடுக்க ஒரு பெண் இசைந்தாலும், பரப்ப இசையாதபோது பரப்புவது குற்றம் என்கிறது அது. எடுத்தல் வேறு வினை, பரப்பல் வேறு வினை.

களப்பணியில் இதே கேமராவை அணிகிறேன். தகவலாளரிடம் பதிவுக்கு ஒன்றும் வெளியீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு கையொப்பங்கள் கேட்கிறேன். உங்கள் இசைவுப் படிவத்தில் எத்தனை வினைகள் உள்ளன?