வந்த நிலத்தின் பறவை

பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக்கடலில் இறங்கி முடியும் இடத்தில் ருசியோன் என்றொரு சிறிய நிலப்பகுதி இருக்கிறது. 1659ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறிய பகுதி அது. கொடி மாறியதே தவிர, மொழி உடனே மாறிவிடவில்லை. இன்றும் பல ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சோடு கத்தலான் மொழியும் எழுதப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு மே மாதத்தில் பதினொரு நாட்கள் இந்தப் பகுதியில் மட்டும் சுற்றினேன். அத்தனை தூரம் போய்விட்டு ரோமையும் வெனிஸையும் பார்க்காமல் திரும்பியதற்காகக் கல்லூரியில் என்னை இன்னும் கேலி செய்கிறார்கள். நான் போனது பறவைகளுக்காகவும் அவற்றைப் பாட்டாக்கிய இருவருக்காகவும்.

முதலாமவர் ஒலிவியே மெஸ்ஸியான். 1908இல் அவிஞ்ஞோனில் பிறந்து 1992இல் மறைந்த பிரெஞ்சு இசையமைப்பாளர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் உள்ள நூற்றிருபது தேசி தாளங்களின் பட்டியலை ஒரு கலைக்களஞ்சியத்தில் கண்டு, அவற்றைத் தம் இசையில் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தியவர் என்பதால் நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் கைதி முகாமில் இருந்தபோது எழுதி, 1941 ஜனவரியில் அங்கேயே அரங்கேற்றிய நால்வர் இசையிலும் பறவைக்குரல்கள் உண்டு. ஆனால் அவை நினைவிலிருந்து எழுந்த பறவைகள். ஐம்பதுகளில் ஜாக் தெலமேன் என்னும் பறவையியலாளரிடம் குரல்களை இனம்பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகே, இசைக் குறிப்பேடும் பென்சிலுமாகக் காடுமேடெல்லாம் அலையத் தொடங்கினார். அந்த அலைச்சலின் விளைச்சல், 1956 முதல் 1958 வரை பியானோவுக்காக அவர் எழுதிய 'பறவைகளின் அட்டவணை'. மொத்தம் பதின்மூன்று பகுதிகள். முழுவதும் கேட்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பறவையின் பெயர் தலைப்பு. ஆனால் அந்தப் பறவை தனியாக வருவதில்லை. எந்த மாநிலம், எந்த மாதம், பகலா இரவா, பாறை என்ன நிறம், பக்கத்தில் என்ன மரம், உடன் குரல் கொடுக்கும் மற்றப் பறவைகள் எவை என்பதையெல்லாம் மெஸ்ஸியான் முன்குறிப்பாக எழுதிவைக்கிறார். தமிழ் படித்த ஒருவனுக்கு இதைப் பார்த்ததும் என்ன தோன்றும்? நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் பறையும் யாழும் கருப்பொருள். பறவையையும் இசைக்கருவியையும் ஒரே பட்டியலில் வைத்து, இரண்டும் ஒரு நிலத்துக்கு உரியவை என்று வகுத்த தொல்காப்பியரின் அகத்திணையியலை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பட்டியலாகவே நடத்தியிருக்கிறேன். பியானோவில் அதைக் கேட்க முடியும் என்று தெரிந்தபோது, அந்த நிலத்தைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது.

துணைக்கு வந்தவன் என் கல்லூரித் தோழன். 1990இல் ஒன்பது வயதில் வலிகாமத்திலிருந்து குடும்பத்தோடு படகேறி இராமேசுவரம் வந்தவன். திருச்சியில் வளர்ந்து என்னோடு இளங்கலை படித்தான். 2003இல் பிரான்சுக்குப் போய்விட்டான். இப்போது பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் தலைமைப் பொறுப்பில் இருக்கிறான். வருடாந்திர விடுமுறையை எனக்காக ஒதுக்கியிருந்தான். பறவைகளில் அவனுக்கு ஆர்வம் இல்லை. பைனாகுலரை நீட்டினால், "நீ பார்த்துச் சொல்லு மச்சான்" என்று திருப்பித் தந்துவிடுவான்.

பெர்பின்யானிலிருந்து கடலோர ரயில் சிறு சிறு சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டுத் தெற்கே போகிறது. பன்யூல்ஸ் என்ற கடற்கரை ஊரில் அறை எடுத்துக்கொண்டோம். ஊரைச் சுற்றி அடுக்குப்பாறைச் சரிவுகள். அவற்றில் சாந்தில்லாமல் கற்களை அடுக்கிய சுவர்களுக்கு இடையே படிப்படியாகத் திராட்சைக் கொடிகள். மழைநீர் மண்ணை அரித்துவிடாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாகக் கல் வடிகால்கள் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அவை சேவலின் காற்சுவடு போலத் தெரிகின்றன. கத்தலான் மொழியில் அவற்றுக்குப் பெயரும் 'சேவற்கால்' என்பதுதான். மலை நேரே கடலில் விழுகிற இந்த இடத்தைக் குறிஞ்சி என்பதா, நெய்தல் என்பதா என்று முதல்நாள் மாலை யோசித்துக்கொண்டிருந்தேன். 'திணைமயக்கம்' என்ற சொல் உரையாசிரியர்களுக்கு எவ்வளவு வசதியானது!

முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் கேட்கவில்லை. வடமேற்கிலிருந்து 'திரமோந்தான்' என்னும் காற்று வீசியது. நிற்கவே முடியாத காற்றில் பறவை எங்கே பாடும்? மூன்றாம் நாள் விடியலில் காற்று நின்றது. ஊருக்குத் தெற்கே, மெஸ்ஸியான் தம் முன்குறிப்பில் பெயர் சொல்லியிருக்கும் ரெதெரிஸ் முனைப் பக்கமாகக் கரையோர நடைபாதையில் போனோம். திராட்சைச் சுவர் ஒன்றின்மேல் அட்டவணையின் நான்காம் பகுதிக்குப் பெயர் தந்த சிறு பறவை நின்றது. கண்ணை ஒட்டிக் கரிய பட்டை, மார்பில் ஆரஞ்சு தோய்ந்த வெண்மை. அந்தப் பகுதி கடலிலிருந்து சூரியன் எழுவதில் தொடங்கி இரவில் முடிகிறது. நாங்கள் காலைச் சூரியனை மட்டும் பார்த்தோம். அதற்கே தோழன் மூன்று முறை கொட்டாவி விட்டான்.

நீலப் பாறைக்குருவியைக் காண மேலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. இதன் உறவினம் ஒன்று குளிர்காலத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. அங்கே அது பெரும்பாலும் வாய்திறவாத விருந்தாளி. பாடுவது இனப்பெருக்கம் செய்யும் நிலத்தில்தான் என்பதால், நான் பலமுறை பார்த்த உருவத்தின் குரலை இங்கேதான் முதலில் கேட்டேன். செங்குத்தான பாறையின் முகட்டில் மையும் ஊதாவும் கலந்த நீலத்தில் அது நின்றது. தெளிவான குழலோசை போன்ற சில சுரங்கள், பிறகு நிறுத்தம், கீழே அலை மோதும் ஓசை, மீண்டும் அதே சுரங்கள், சிறு மாற்றத்தோடு. பாறை அந்தக் குரலை வாங்கித் திருப்பித் தந்தது. பாலித் தீவின் இசையை நினைவூட்டும் குரல் என்று மெஸ்ஸியான் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றிரவு அறையில் அவருடைய 'நீலப் பாறைக்குருவி'யைக் கேட்டபோது, பியானோவின் அடிக்கட்டைகளில் திரளும் கனத்த ஒலிகள் பாறை என்பதும், பாட்டுக்குப் பின் மங்கலாகத் தொடரும் சுரங்கள் எதிரொலி என்பதும் எனக்கு விளங்கின. வீட்டில் பத்து முறை கேட்டும் பிடிபடாதவை இவை. சங்கப் பாடலின் உள்ளுறையை நிலத்தைப் பார்க்காத மாணவனுக்கு விளக்க முடியாமல் திணறும் ஆசிரியர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

இரண்டாமவரின் ஊருக்குப் போகும் வழியில் கொலியூரில் இறங்கினோம். ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை அங்கே இருக்கிறது. 1939இன் தொடக்கத்தில் பிராங்கோவின் படைகளுக்குத் தப்பி, சில வாரங்களுக்குள் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த எல்லையைக் கடந்தார்கள். அவர்களில் ஒருவராக வந்த மச்சாதோ, அந்தப் பிப்ரவரி 22ஆம் நாள் இந்த ஊரிலேயே இறந்தார். கல்லறையில் ஒரு தபால்பெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் அவருக்குக் கடிதங்கள் வருகின்றன. பக்கத்து ஆர்ஜெலேயின் மணற்பரப்பில்தான் அகதிகளை முள்வேலிக்குள் அடைத்தார்கள். இப்போது அங்கே கோடைக்கால விடுதிகள். தோழன் கல்லறையின் முன் வெகுநேரம் நின்றான். "எங்களை மண்டபத்தில இறக்கேக்க வேலி இருந்ததோ எண்டு ஞாபகமில்லை" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடலை விட்டு உள்ளே, கனிகூ மலையின் அடியில் பிராத் என்ற சிற்றூர் இருக்கிறது. செல்லோ மேதை பாவ் கசால்ஸ் 1939க்குப் பிறகு வந்து தங்கிய ஊர் இது. கத்தலோனியாவில் 1876இல் பிறந்தவர். அவர் நினைத்திருந்தால் உலகின் எந்தப் பெருநகரிலும் குடியேறியிருக்கலாம். எல்லையைத் தாண்டினாலும் தம் மொழி காதில் விழும் இந்த ஊரில் நின்றுவிட்டார். முகாம்களில் இருந்தோருக்கு உதவி திரட்டினார். போர் முடிந்த பின் வல்லரசுகள் பிராங்கோவைத் தொடவில்லை என்று கண்டதும், மேடையில் வாசிப்பதையே நிறுத்தினார். 1950இல், பாக் மறைந்த இருநூறாம் ஆண்டில், உலகெங்குமிருந்து கலைஞர்கள் இந்த ஊருக்கே வந்து அவரை மீண்டும் வாசிக்கவைத்தார்கள். அப்படித் தொடங்கிய இசைவிழா இன்றும் கோடைதோறும் நடக்கிறது.

கசால்ஸ் தம் நிகழ்ச்சிகளின் முடிவில் வாசித்தது 'பறவைகளின் பாட்டு' என்னும் கத்தலான் நாட்டுப்பாடல். குழந்தை இயேசுவின் பிறப்பைக் கண்டு பறவைகள் ஒவ்வொன்றாக வந்து பாடுவதாக அமைந்த கிறிஸ்துமஸ் பாட்டு அது. 1961இல் கென்னடியின் வெள்ளை மாளிகையிலும், 1971இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் ஐக்கிய நாடுகள் சபையிலும் இதையே வாசித்தார். தம் நாட்டுப் பறவைகள் வானில் 'அமைதி, அமைதி' என்று பாடுவதாக அந்தச் சபையில் சொன்னார். பிராங்கோ இறப்பதற்கு இரண்டாண்டு முன்பு, 1973இல், அட்லாண்டிக்குக்கு அப்பால் போர்த்தோ ரிக்கோவில் அவர் காலமானார். பிறந்த ஊருக்கு அவர் உடல் கொண்டுவரப்பட்டது 1979இல்.

மெஸ்ஸியானைக் கேட்ட காதோடு இந்தப் பாட்டைக் கேட்டால் ஒரு வேறுபாடு தெரியும். தொடக்கத்தில் துணைக்கருவிகள் சிறு நடுக்கங்களாகப் பறவையொலி எழுப்புகின்றன. எந்தப் பறவை என்று யாராலும் சொல்லமுடியாது. பிறகு செல்லோ மட்டும், தாழ்ந்த குரலில், ஒரே ராகத்தை இழுத்து இழுத்துச் சொல்கிறது. நிலம் இல்லை, பொழுது இல்லை, மரம் இல்லை. மெஸ்ஸியானின் இசை குறிஞ்சியும் நெய்தலும் என்றால் இது பாலை. தனக்கென நிலமில்லாமல், பிற நிலங்கள் தம் இயல்பு திரியும்போது உண்டாவது பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதன் உரிப்பொருள் பிரிவு.

பிராத்தில் மூன்றாம் நாள் காலை தெத் ஆற்றங்கரை மரங்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்தோம். இலைகளுக்குள்ளிருந்து குழல் ஊதியது போல ஒரு குரல். நான் பைனாகுலரை எடுப்பதற்குள் தோழன் நின்றுவிட்டான். "மாம்பழக் குருவி" என்றான். பதினொரு நாட்களில் அவன் சொன்ன முதல் பறவைப் பெயர் அது. வலிகாமத்து வீட்டுக் கிணற்றடி மாமரத்தில் காலையில் கேட்ட குரல் என்றான். அந்தக் காணி நெடுங்காலம் யாரும் போகமுடியாத பகுதிக்குள் கிடந்தது. 2016இல் போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது, மரம் இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

அங்கே பாடியிருக்கக்கூடியது கருந்தலை மாங்குயில். இங்கே பாடியது ஐரோப்பிய மாங்குயில். மெஸ்ஸியானின் இரண்டாம் பகுதிக்குப் பெயர் தந்த பறவை. பிரெஞ்சில் இதன் பெயர் லொரியோ. அட்டவணை முழுவதையும் 1959இல் பாரிசில் அரங்கேற்றி, பின்னர் அவருக்கு மனைவியும் ஆன பியானோ கலைஞரின் குடும்பப்பெயரும் ஒலிப்பில் அதுவே. இவற்றையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு அரித்தது. சொல்லவில்லை. இரண்டு பறவைகளும் வேறு என்பது மெஸ்ஸியானின் காதுக்கு உண்மை. இரண்டும் ஒன்று என்பது கசால்ஸின் காதுக்கு உண்மை. அந்த ஆற்றங்கரையில் இரண்டாவது காதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பதிலாகத் தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது என்று சொன்னேன். பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடம் வந்தாலும், வந்த நிலத்துக்குரிய கருப்பொருளாகவே அவற்றைக் கொள்ள வேண்டும். இத்தனை கறாராக நிலம் பிரித்த இலக்கணக்காரர் இந்த ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார். கத்தலானியரான கசால்ஸ் இன்று பிராத்தின் பெருமை; மச்சாதோ கொலியூரின் கவிஞர். தோழன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பறவைக்குச் சரி மச்சான். மனிசருக்கு விசா வேணுமே" என்றான்.

விழா நடப்பது ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும். மாங்குயில் அதற்குள் பெரும்பாலும் பாட்டை நிறுத்திவிடும். ஆகஸ்டில் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிடும். இசையையும் பறவையையும் ஒரே பயணத்தில் இங்கே கேட்க வழியில்லை. அடுத்த முறை விழாவுக்கு வரலாமா என்று பெர்பின்யான் பேருந்தில் கேட்டேன். அவன் சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேண்டாம், மேயிலேயே வருவம்" என்றான்.