பத்துப் பொற்காசுக்கு ஒரு ஆந்தை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த விளையாட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம். மேஜை, பகடை, பேப்பர், பென்சில் போதும். ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். மந்திரவாதியா ஆடறவங்க துணைக்கு ஒரு பிராணி வெச்சுக்கலாம்: பூனை, தேரை, அண்டங்காக்கா... 'ஃபெமிலியர்'னு பேரு.

புனேவுல எங்க சாப்பாட்டு மேஜையில சனிக்கிழமை சாயங்காலம் இதுதான் நடக்குது. பதிமூணு வயசுப் பொண்ணு, மந்திரவாதி. அவளுக்கு ஆந்தை. (ஃபோன்ல கேட்ட எங்கம்மா, "ஏண்டி, வேற பட்சியே கெடைக்கலையா?"ன்னாங்க.) பேரு முட்டக்கண்ணி. இங்கிலீஷ், இந்தி, மராத்திக்கு நடுவுல அந்த மேஜையில கேக்கற ஒரே தமிழ் வார்த்தை அதுதான் :-)

2014-ல வந்த அஞ்சாம் பதிப்பு விதிப்படி, பத்துப் பொற்காசுக்குக் கரி, சாம்பிராணி, மூலிகை வாங்கி பித்தளைத் தணல்சட்டியில எரிச்சு ஒரு மணி நேரம் மந்திரம் போட்டா பிராணி வந்துடும். நெசமான பிராணி இல்லை, பிராணி உருவத்துல ஒரு ஆவி. அடிபட்டுச் செத்தா மறைஞ்சுடும். இன்னொரு பத்துக் காசு, திரும்ப வந்துடும். அதனால பொறி இருக்குமோன்னு சந்தேகமா இருக்கற அறைக்குள்ள முதல்ல அதைத்தான் அனுப்புவாங்க.

எனக்கு இது பிடிக்கலை. நான் பெங்களூர்ல பேச்சுலரா இருந்தப்போ ஆடினது 2000-ல வந்த மூணாம் பதிப்பு. அதுல பிராணி செத்தா, நம்ம நிலை ஒவ்வொண்ணுக்கும் 200 அனுபவப் புள்ளி போகும். பகடை கைகொடுத்தா பாதி. அடுத்த பிராணிக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருக்கணும். 1978 புத்தகம் இன்னும் கொடூரம், பிராணியோட உயிர்ப்புள்ளி மாதிரி ரெண்டு மடங்கு நமக்கு நிரந்தரமா குறையும். ஒரு தடவை நண்பனோட தேரை செத்துப் போச்சு. இருபத்தஞ்சு வயசு ஆம்பளை, ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசலை. நாங்களும் கிண்டல் பண்ணலை.

விளையாட்டுக்கு வெளியே விலை இன்னும் பெரிசு. 1566-ல இங்கிலாந்துல செல்ம்ஸ்ஃபோர்டுல, ஒரு பூனையை ஏவி சூனியம் வெச்சாங்கன்னு ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ்ங்கற கிழவியைத் தூக்குலயே போட்டாங்க.

போன மாசம் பசங்க ஒரு கல்லறைக் கதவு முன்னாடி நின்னாங்க. "ஆந்தையை அனுப்பு, பத்துக் காசுதானே"ன்னான் ஒரு பையன். பொண்ணு மாட்டேன்னுட்டா. "அது செத்தாலும் வருமே, விதியைப் படி!"ன்னு எல்லாரும் கத்தறாங்க. சமையலறையில நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன்.

"வரும். ஆனா அதுக்கு வலிக்காதுன்னு எங்க எழுதியிருக்கு?"

புத்தகத்தைப் புரட்டினாங்க. அப்படி எதுவும் எழுதலை. ஒம்பது உயிர்ப்புள்ளி வெச்சிருந்த மந்திரவாதி தானே உள்ளே போனா. விஷ ஊசி. பூஜ்யம். பசங்க ஓடிப்போய், இருந்த ஒரே மருந்தை அவ வாயில ஊத்திக் காப்பாத்தினாங்க. திட்டிக்கிட்டேதான்.

அடுத்த வாரம் இன்னொரு கதவு. அந்தப் பையன் பத்தடி நீளக் கழி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தான்.