மூன்றாம் லெவல் வரை பொறுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வருகிற புதியவர்கள் முதல்நாளே கேட்பது, "எந்த கிளாஸ் எடுத்தால் பலம்?" என்பதுதான். ஆட்டக்காரனாகவும் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மாகவும் பல வருடம் மேசையில் உட்கார்ந்த பிறகு, அதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். "பூட்டிய கதவு ஒன்று எதிரே இருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறேன். தோளால் இடிப்பேன் என்பவருக்கும் கம்பியை விட்டுப் பூட்டைக் குடைவேன் என்பவருக்கும் கிளாஸ் அங்கேயே தெரிந்துவிடும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது இருந்தவை மூன்றே கிளாஸ்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். திருடன் 1975இல் கிரேஹாக் என்ற துணைநூலில் வந்து சேர்ந்தான். பூட்டைத் திறப்பதும் பதுங்கிப் போவதும் அவனுக்கென்று எழுதப்பட்டதும், அது நம் வேலை இல்லை என்று மற்றவர்கள் ஒதுங்கவும் இடம் உண்டாகிவிட்டது என்பது என் எண்ணம். ஒரு கிளாஸை எடுப்பதென்றால் பல காரியங்களை அடுத்தவரிடம் விட்டுவிடுவதும்தான். எதை விடச் சம்மதம் என்று முதலில் யோசிக்க வேண்டும். அதனால்தான் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பாத்திரத்தின் திறன்களுக்குப் பங்கிடும்போது நான் 8ஐத்தான் முதலில் வைக்கிறேன். 15 எங்கே போக வேண்டும் என்பதை கிளாஸே சொல்லிவிடும். 8 மட்டும் நம் கையில் இருக்கிறது.

கிளாஸைவிட எனக்குப் பிரியமானது அதற்குள் வரும் உட்பிரிவான ஆர்க்கிடைப். 2014இன் ஐந்தாம் பதிப்பில் நான் முதலில் எடுத்தது ஃபைட்டர். அதற்கு ஆர்க்கிடைப் மூன்றாம் லெவலில்தான்; ஆனாலும் சாம்பியன் ஆகப்போகிறேன் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு. மற்றவர்களுக்கு 20 விழுந்தால்தான் கிரிட்டிக்கல், சாம்பியனுக்கு 19 விழுந்தாலும் போதும். கணக்காகப் பார்த்தால், இருபது வீச்சுக்கு ஒன்று கூடுதல். ஒரு மாலையில் நான் வாள் வீசியதே பத்துத் தடவைக்குள்தான்.

ஆனால் முதல் இரண்டு லெவலில் நான் உண்மையில் செய்தது வேறு. எங்கள் விசார்டுக்கு உயிர்ப்புள்ளிக்கான ஹிட் டைஸ் ஆறுபக்கப் பகடை, எனக்குப் பத்துப்பக்கம். ஒரு கோப்ளின் அவரை நோக்கி ஓடினால் நான் குறுக்கே போய் நிற்பேன். யாரும் சொல்லித்தரவில்லை; ஒவ்வொரு சண்டையிலும் அப்படியே நடந்தது. மூன்றாம் லெவல் வந்தபோது பேட்டில் மாஸ்டர் எடுத்தேன். நான்கு எட்டுப்பக்கப் பகடைகள், மூன்று உத்திகள். அதில் கோடிங் அட்டாக் எனக்காகவே எழுதியதுபோல இருந்தது: அடிபட்ட எதிரி விஸ்டம் சேவ் என்ற பகடைச் சோதனையில் தோற்றால், என்னை விட்டு வேறு யாரைத் தாக்கினாலும் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். உடம்பால் மறித்துக்கொண்டிருந்ததை இப்போது விதியும் துணைநின்று செய்தது. அந்தப் பாத்திரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அதே பதிப்பில் கிளெரிக், சார்சரர், வார்லாக் மூவரும் முதல் லெவலிலேயே ஆர்க்கிடைப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எங்கள் மேசைத் தோழி ஒருவர் கிளெரிக்குக்கு ஆர்க்கிடைப்பாகப் போர் டொமைனை எடுத்துவிட்டு, ஆட்டம் முழுக்க விழுந்தவர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். லைஃப் டொமைன் எடுத்திருந்தால் அவருடைய ஒவ்வொரு குணமாக்கும் மந்திரமும் கூடுதலாகப் பலித்திருக்கும். 2024 திருத்தத்தில் எல்லா கிளாஸுக்கும் ஆர்க்கிடைப் மூன்றாம் லெவலில்தான். அந்தத் திருத்தத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மூன்றாம் லெவலுக்கு 900 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதுவரை ஆர்க்கிடைப் பக்கங்களைப் புரட்டாமல் ஆடிப் பாருங்கள்.