ஆருக்கு ஒளிக்கிறியள்?

நாங்கள் நாலு பேர். கமரா ஒன்று, அதுவும் பாதிக் கடனில் வாங்கியது. 400 மில்லிமீற்றர் லென்ஸ் வாடகைக்கு. போன தை மாதம் வங்காலைச் சேற்றுவெளியில் பூநாரைகளைக் கிட்டத்தில் படமெடுக்க வெளிக்கிட்டோம். 2010இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் ஒளிந்து நிற்க ஒரு பற்றைகூட இல்லை. நாங்கள் தூரத்தில் வரும்போதே முதல் பறவை கழுத்தை நிமிர்த்தும். இன்னும் நாலு அடி வைத்தால் கூட்டம் முழுக்க நடக்கத் தொடங்கும். பறக்காது, மரியாதையாக விலகிப்போகும். எங்கள் படங்கள் எல்லாம் முதுகுகள்தான்.

சரி, மறைப்புக் கூடாரம் ஒன்று வேண்டும் என்று தேடினோம். யூரியூப்பில் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பங்கு அமெரிக்க வில்வேட்டைக்காரருடையது. அங்கே பருவமும் அனுமதிப்பத்திரமும் உண்டு. இங்கே மானையோ மரையையோ கொன்றால் மறியல். எங்களுக்கு வேட்டையில் உடன்பாடு இல்லை. என்றாலும் இருபது, முப்பது மீற்றருக்குள் மான் வந்தால்தான் அம்பு விட முடியும் என்பதால், கிட்ட இருக்கிற வித்தை அவர்களுக்குத் தெரியும். கூடாரத்தின் உள்பக்கம் கறுப்பாக இருக்கவேண்டும், உள்ளே இருப்பவரும் கறுப்பு உடுக்கவேண்டும். முன் சாளரத்தைத் திறந்தால் பின்சாளரம் பூட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் உருவம் தெரியும். எல்லாவற்றையும் விட, கூடாரத்தைச் சில நாட்கள் முன்னரே நாட்டிவிட்டு, மிருகம் அதற்குப் பழகும்வரை பொறுக்கவேண்டும்.

ஆனால் அந்தக் கூடாரங்கள் எங்களுக்குச் சரிவரவில்லை. வில்லை இழுக்க இடம் தேவை என்பதால் அவை உயரம். தட்டையான சேற்றில் அது வீடு மாதிரி நிற்கும். சாளர வலைக்குள்ளால் அம்பு போகும், லென்ஸுக்கு அந்த வலை மங்கல். அதோடு துணி. இலையும் புள்ளியும் போட்ட ஆமி உடுப்புத் துணி. அதைச் சுருட்டிக்கொண்டு மன்னார் வீதியில் மோட்டார் சைக்கிளில் போக எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. ஏன் என்று இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாங்களே செய்தோம். இடுப்பளவு உயரத்தில் நாலு கம்பு, மேலே சணல் சாக்கு. தறப்பாள் மினுங்கும், காற்றுக்குப் படபடக்கும். சாக்கு சேற்று நிறம், சத்தமும் போடாது. உள்ளே பழைய கறுப்புச் சீலை. ஓரங்களுக்கு ஈரமண் நிரப்பிய பைகள். வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

முதல்நாள் விடிய முன்னம் நட்டு, உள்ளே இருவர் படுத்தோம். பழகவிடவேண்டும் என்று படித்தது எல்லாம் ஆசையில் மறந்துபோச்சு. எட்டு மணிவரை ஒரு பறவையும் கிட்ட வரவில்லை. ஒன்பது மணிக்குச் சாக்குக்குள் அவிந்துகொண்டிருந்தோம். அப்போது வெளியே ஒரு குரல்.

"தம்பிமார், ஆருக்கு ஒளிக்கிறியள்?"

வலைக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும். கமராவைக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "இருட்டுக்க பாத்தா பங்கர் போலக் கிடந்தது. உள்ளுக்கு ஆள் அசையுது வேற. வெளிக்கும்வரைக்கும் வள்ளத்த எடுக்காமல் நிண்டனான்" என்றார்.

ஒரு காலைத் தொழிலைக் கெடுத்திருக்கிறோம். பறவை பயப்படுமா, பறவை என்ன நிறம் பார்க்கும் என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்த நாங்கள், அந்த வழியால் ஒவ்வொரு நாளும் இருட்டில் போகிற மனிதரைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அதுவும் இந்த ஊரில். மன்னிப்புக் கேட்டோம். "சொல்லிப்போட்டு நட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவரே இடம் காட்டினார். வாடைக்காற்று அடித்தால் தண்ணீர் மற்றப் பக்கம் ஒதுங்குமாம், பூநாரை தண்ணீரோடு போகுமாம். நாங்கள் நட்டது காய்கிற பக்கம். சாக்கை அங்கே மாற்றி, ஆளில்லாமல் நாலு நாள் விட்டோம். மற்ற வள்ளக்காரருக்கு அவர் சொல்லி வைத்தார்.

ஐந்தாம் நாள் மூன்று பேர் போனோம், இருவர் உள்ளே இருக்க ஒருவர் எல்லாருக்கும் தெரியத் திரும்பி நடந்தார். பறவைக்கு எண்ணத் தெரியாது என்பார்கள். அன்று வேலை செய்தது. ஏழு மணிக்குப் பூநாரைகள் இருபத்தைந்து மீற்றருக்குள் வந்துவிட்டன. சொண்டைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அரித்துத் தின்கிறபோது தொண்டைக்குள் முணுமுணுக்கிற சத்தம்கூடக் கேட்டது. படம் எடுத்து முடிந்தும் நாங்கள் எழும்பவில்லை, அவை தாமாக விலகும்வரை இன்னும் ஒரு மணித்தியாலம் வேர்வையில் கிடந்தோம். சாக்கைக் கிளப்பிக்கொண்டு திடீரென்று வெளியே பாய்ந்தால் அந்த நாலு நாளும் வீண்.

பங்குனிக்குப் பிறகு நாங்கள் கூடாரம் போடுவதில்லை. அப்போது ஆட்காட்டி வெறும் நிலத்தில் முட்டையிடும். எங்களுக்காகத் தாய் எழும்பி நின்றால் வெயிலில் முட்டை அவிந்துபோகும்.

படத்தை அந்த ஐயாவிடம் போனில் காட்டினோம். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு" என்று போனைத் திருப்பித் தந்தார். "நான் வலை இழுக்கேக்க இதவிடக் கிட்ட நிக்கும்."