மணல் மேல் பழி போட்டேன்!

போன மாதம் தங்கச்சியைக் கேரியரில் உட்கார வைத்து, டியூஷனுக்கு லேட்டாச்சேன்னு சைக்கிளை வேகமாக மிதித்தேன். பிள்ளையார் கோயில் வளைவில் மணல். ஹேண்டில் பார் திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை! நேராகச் சறுக்கி விழுந்தோம். அவளுக்கு முழங்காலில் 3 தையல். "மணல் வெளியே தள்ளிடுச்சும்மா"ன்னு அம்மாவிடம் சொல்லித் தப்பித்தேன்.

மறுவாரம் இயற்பியல் வகுப்பு. எதுவும் என்னைத் தள்ளவில்லையாம்! வளைவில் வண்டியை உள்ளே இழுக்கும் மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வுதான். மணலில் அது குறைவு. அதே வளைவில் வேகம் 2 மடங்கானால், தேவைப்படும் விசையோ 4 மடங்கு!

மணல் அங்கேதான் கிடந்தது. வேகம் என்னுடையது. அன்று சாயங்காலமே தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். நண்பர்களே, வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிங்க!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்